நாற்பத்தாறு பூதங்களும் விட்டுப்போன ஒரு தாளும்

பூதங்களைப் பழைய விதியிலிருந்து புது விதிக்கு மாற்றுவது எப்படி என்று யாராவது கேட்டால் இப்போது நான் ஒரு மணி நேரம் பேசுவேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தால், உங்களுக்கு வேறு வேலை இல்லையா என்று திருப்பிக் கேட்டிருப்பேன். எனக்கு வேறு வேலை இருந்தது. அம்மா இருந்தாள்.

விஜயநகர் வீட்டின் பின்கட்டில் துவைக்கிற கல்லருகே வழுக்கி விழுந்து அம்மா இடுப்பெலும்பை முறித்துக்கொண்டபோது, பதினைந்து நாள் கூட இருந்துவிட்டு வரலாம் என்று பெங்களூரிலிருந்து ஒரு சின்னப் பெட்டியோடு வந்தேன். பெட்டியில் நாலு சுடிதார் இருந்தது. அந்த நாலில் ஒன்று கரித்துணியாகிவிட்டது என்றால் எத்தனை நாள் ஆயிற்று என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று வருஷம்.

அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்திலிருந்து குளியலறை வரை நடப்பாள். படி ஏற முடியாது, தனியாக இருக்க முடியாது. முடியாது என்பதைவிட மாட்டாள் என்பதுதான் சரி. கால் மணிக்கு ஒரு தடவை உள்ளேயிருந்து, "இருக்கியா கண்ணு?" என்று குரல் வரும். "இருக்கேம்மா" என்பேன். குளித்துக்கொண்டிருந்தாலும் சொல்ல வேண்டும். அரண்மனைக்குப் பக்கத்தில் இருக்கிற தேவராஜ மார்க்கெட்டுக்கு ஆட்டோவில் போய் வெற்றிலையும் காயும் வாங்கித் திரும்ப ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் மூன்று தடவை போன் வரும். பூக்காரி முழம் அளந்துகொண்டிருக்கும்போது, "இருக்கேம்மா, வந்துட்டே இருக்கேன்" என்று கத்துகிற பெண்பிள்ளையை அந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும்.

என் வேலை இயந்திரங்களுக்குக் கையேடு எழுதுவது. சிவப்பு விளக்கு எரிந்தால் எந்தப் பொத்தானை அழுத்துவது, அதற்கும் அடங்காவிட்டால் யாரைக் கூப்பிடுவது. வீட்டிலிருந்தே செய் என்று கம்பெனி விட்டுவைத்திருந்தது. அந்த வருஷம் மார்ச்சில் ஒரு கடிதம் வந்தது. சென்னை அலுவலகத்தில் ஒரு குழுவுக்குப் பொறுப்பாக வர முடியுமா, ஜூனில் சேர வேண்டும், ஏப்ரல் முடிவதற்குள் பதில் சொல்லவும் என்று இருந்தது. எனக்கு நாற்பத்திரண்டு வயது. இன்னொரு தடவை என்னை யாரும் கேட்கப் போவதில்லை. எனக்குப் போக வேண்டும் என்று இருந்தது. பல்வலி மாதிரி இருபத்துநாலு மணி நேரமும் அது இருந்துகொண்டே இருந்தது. வாய்விட்டுச் சொல்லத்தான் வெட்கமாக இருந்தது.

அதற்கு ஒரு மாதம் முன்னாலேயே பூதங்கள் வந்து சேர்ந்துவிட்டன. கொண்டுவந்தது அண்ணன்.

அண்ணன் என்னைவிட ஐந்து வயது மூத்தவன். அயர்லாந்தில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்கு, அவனுக்கு அது காலை, வீடியோவில் வந்து அம்மாவிடம் பத்து நிமிஷம், என்னிடம் அஞ்சு நிமிஷம் பேசுவான். ஒரு ஞாயிறு எடுத்த எடுப்பில், "ஏய், நம்ம பூத நோட்டு இருக்கா?" என்றான்.

"பரண்ல இருக்கும். எதுக்கு?"

"என் பெரிய பொண்ணு ஃப்ரெண்ட்ஸோட உக்காந்து விளையாட ஆரம்பிச்சிருக்கா. நானும் அத்தையும் சின்ன வயசுல நாப்பத்தாறு பூதம் பண்ணியிருக்கோம்னு சும்னே பெருமைக்குச் சொல்லிட்டேன். இப்ப அதெல்லாம் வேணுமாம். ஆனா அவங்க விளையாடறது புது ரூல்ஸ். நீதான் மாத்தித் தரணும். நீ வீட்லதானே இருக்கே."

அந்தக் கடைசி வரிக்காகவே போனை வைத்திருக்க வேண்டும். நான் பரணுக்கு ஏணி தேடிப் போனேன்.

இந்த விளையாட்டைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒருவர் கதை சொல்லுவார். மற்றவர்கள் அந்தக் கதையில் ஒரு வீரனாகவோ திருடனாகவோ இருப்பார்கள். கதவைத் திறக்கிறேன், பூதத்தை வெட்டுகிறேன் என்று அவரவர் சொல்ல, நடந்ததா இல்லையா என்பதைப் பகடை தீர்மானிக்கும். ஒவ்வொரு பூதத்துக்கும் எவ்வளவு உயிர், எவ்வளவு பலம், அதன் தோலில் கத்தி இறங்குமா என்பதற்கெல்லாம் எண்கள் உண்டு. தோலுக்கு உள்ள எண்ணுக்குக் கவச எண் என்று நாங்கள் பேர் வைத்திருந்தோம்.

அப்பா ரயில்வேயில் கூட்ஸ் கார்டு. ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தபோது, அண்ணனுக்கு அவன் கல்லூரி சீனியர் ஒருவர் அந்த விளையாட்டின் விதிப் புத்தகத்தை ஒரு சனி ஞாயிறுக்கு மட்டும் இரவல் கொடுத்தார். அண்ணன் அதைத் தூக்கிக்கொண்டு தேவராஜ மொஹல்லாவில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு ஓடினான். நானும் ஓடினேன். எனக்குப் பதினோரு வயது, அவன் ஓடினால் நானும் ஓடுவேன். அந்தக் காலத்தில் இருபது முகப் பகடைக்கு நாங்கள் எங்கே போவது? ஒன்று முதல் இருபது வரை எழுதிய சீட்டுகளை ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டுக் குலுக்கி எடுப்போம். புத்தகத்தில் இருந்த பூதங்கள் எல்லாம் வெளிநாட்டுக் குளிரில் வளர்ந்தவை. எங்களுக்குச் சரிப்படவில்லை. நாங்களே ஒரு நீள நோட்டில் எழுத ஆரம்பித்தோம். தண்டவாளப் பாம்பு எல்லாவற்றுக்கும் ராஜா. சாம்பல் பல்லி, புதிதாக விளையாட வருகிறவர்கள் அடித்துப் பழக. கூட்ஸ் பூதம், உடம்பு மூடின வேகன் மாதிரி. யாராவது கைக்குக் கிடைத்தால் உள்ளே போட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளும்.

மாற்றுகிற வேலை எனக்குப் பிடித்திருந்தது. மறைக்க என்ன இருக்கிறது, அந்த நாட்களில் அம்மா கேட்காமல் நான் செய்த ஒரே காரியம் அதுதான். புது விதிகளை அண்ணன் அனுப்பியிருந்தான். பழைய விதிக்காரர்கள் இணையத்தில் ஒரு சூத்திரம் போட்டிருந்தார்கள்: பழைய கவச எண்ணை இருபதிலிருந்து கழித்தால் புதுக் கவச எண். அவ்வளவுதான். அம்மாவுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு இரண்டு பூதம், பருப்பு வேகும்போது ஒரு பூதம் என்று மாற்றினேன். ஒவ்வொரு ஞாயிறும் பரிசோதனை. அண்ணன் அங்கே நாலு வீரர்களை வைத்துக்கொண்டு உட்காருவான். நான் இங்கே பூதமாக இருப்பேன். அம்மா உள்ளேயிருந்து, "யாரு செத்தா?" என்று விசாரிப்பாள்.

மார்ச்சில் கடிதம் வந்ததும் அண்ணனிடம் சொன்னேன். ரெண்டு மாசம் வந்து இரு, அதற்குள் வீட்டோடு தங்குகிற மாதிரி ஒரு அம்மாளைப் பார்த்துவிடலாம், நான் போய்ச் சேர்ந்துவிடுகிறேன் என்றேன். "சூப்பர்டீ! பாத்துக்கலாம்" என்றான். அடுத்த ஞாயிறும் பாத்துக்கலாம். அதற்கடுத்த ஞாயிறும். தலையைத் தடவிக்கொண்டே வேறு பேச்சுக்குப் போய்விடுவான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த பூதத்தை எடுப்பேன். தேதி மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

ஏப்ரல் முதல் ஞாயிறு, வம்பு சாம்பல் பல்லியிடமிருந்து வந்தது. கைக்குழந்தை கூட அடிக்கலாம் என்று நாங்கள் வைத்திருந்த பல்லி அது. அண்ணனின் நாலு வீரர்களும் முக்கால் மணி நேரம் வெட்டினார்கள். ஒரு வெட்டும் இறங்கவில்லை. பல்லி நாலு பேரையும் கடித்துக் கொன்றுபோட்டது. சரி, நேரம் சரியில்லை என்று தண்டவாளப் பாம்பை விட்டேன். ராஜா இரண்டாவது வெட்டில் பொத்தென்று விழுந்து செத்தது.

"நீ கணக்கைத் தப்பாப் போட்டிருக்கே" என்றான் அண்ணன்.

என் பிழைப்பே தப்பில்லாமல் எழுதுவது. எனக்குச் சுருக்கென்றது. "நான் போட்டது சரி. உன் வீரனுங்கதான் தண்டம்" என்றேன்.

"பல்லியை என்னத்துக்குப் போட்டு அடிக்கிறீங்க? அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது" என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

மூன்று நாள் அந்தக் கணக்கையே சுற்றி வந்தேன். பல்லிக்கு நோட்டில் கவசம் ஒன்று, இருபதில் கழித்தால் பத்தொன்பது. பாம்புக்கு ஒன்பது, கழித்தால் பதினொன்று. சூத்திரப்படி தப்பே இல்லை. கடைசியில் நோட்டை விட்டுவிட்டு அந்தப் பழைய ஜெராக்ஸை எடுத்துப் பக்க எண்களைப் பார்த்தேன். முப்பத்தாறு, முப்பத்தேழு என்று இரண்டு பக்கமும் ஒரு தாளில் இருந்தன. அடுத்த தாள் நாற்பதிலிருந்து ஆரம்பித்தது. ஜெராக்ஸ்காரர் புத்தகத்தைப் புரட்டும்போது இரண்டு ஏடு ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். முப்பது வருஷமாக எங்கள் இரண்டு பேருக்கும் அது தெரியவில்லை.

அண்ணன் அந்தப் பழைய புத்தகத்தை இணையத்தில் வாங்கி, விட்டுப்போன இரண்டு பக்கத்தை மட்டும் எனக்கு அனுப்பினான். இடது பக்கத்தில் கவச எண் எவ்வளவு சின்னதோ அவ்வளவு கெட்டி என்று போட்டிருந்தது. நாங்கள் பெரிய எண்தான் கெட்டி என்று நினைத்து நாற்பத்தாறு பூதத்துக்கும் தலைகீழாக எழுதி, அப்படியே எட்டு வருஷம் விளையாடியிருக்கிறோம். இதில் வேடிக்கை, புது விதியில் பெரிய எண்தான் கெட்டி. விளையாட்டைச் செய்தவர்களே பிற்பாடு எங்கள் வழிக்கு வந்துவிட்டார்கள். கழிக்கவே வேண்டாம், பத்தைக் கூட்டினால் போதும். அதைப் படித்துவிட்டு நான் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். அம்மா பயந்துபோய், "என்னாச்சு கண்ணு?" என்றாள்.

வலது பக்கத்தைப் பிறகுதான் படித்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

வலது பக்கம், பூதத்திடம் சிக்கியவர்களைப் பற்றியது. சிக்கியவர் தன் முறை வரும் ஒவ்வொரு தடவையும் ஒரு பகடை உருட்டித் திமிறிப் பார்க்கலாம், சரியான எண் விழுந்தால் வெளியே வந்துவிடலாம் என்று இருந்தது. எங்களுக்கு அந்தப் பக்கம் கிடைக்காததால் சிக்கியவர் என்ன செய்வார் என்று நாங்களாக ஒரு விதி போட்டிருந்தோம். போட்டது அண்ணன். வேகனுக்குத் தாழ்ப்பாள் வெளியில்தானே இருக்கும்? அதனால் கூட்ஸ் பூதத்துக்குள் போனவர் தானாக வர முடியாது, வெளியே இருக்கிற ஒருவர் வந்து திறந்துவிட வேண்டும். ஒரு மே மாத லீவின் இரண்டாவது நாள் விளையாட்டில் நானாக இருந்த வில்வீரி உள்ளே போனாள். வெளியே இருந்தது அண்ணனின் வீரன் ஒருவன்தான். தினமும் காலையில் பல் தேய்த்ததும் அண்ணனிடம் போய், "இன்னிக்குத் திறப்பியா?" என்று கேட்பேன். "என் ஆளு இன்னும் மலையிலேயே இருக்கான், இரு" என்பான். பள்ளிக்கூடம் திறக்கிற வரை என் வில்வீரி உள்ளே இருந்தாள். நான் டப்பாவைக் குலுக்கிக் கொடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அந்த ஞாயிறு அண்ணன் வீடியோவில் வந்ததும் அதே பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தான். "அடிப்பாவி! அந்த லீவு முழுக்க நீயே வெளிய வந்திருக்கலாம்டீ! தினம் ஒரு சீட்டு எடுத்திருந்தாப் போதும். நீ பாட்டுக்கு உள்ள உக்காந்திருந்திருக்கே!"

"நான் உக்காரல. நீதான் தாழ்ப்பாள் வெளிய இருக்குன்னே. நான் தினமும் வந்து கேட்டேன்."

"ஏய், அப்ப எனக்குப் பதினாறு வயசு."

"இப்ப?"

அவன் சிரிப்பு குறைந்தது. "இப்ப என்ன?"

"ஏப்ரல் முடிய ஒம்போது நாள் இருக்கு. ஆறு வாரமா கேக்கறேன், பாத்துக்கலாம் பாத்துக்கலாம்ங்கறே. வர்றியா, இல்லையா? ரெண்டுல ஒண்ணு சொல்லு."

அண்ணன் திரையை விட்டு வேறு எங்கோ பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நான் வரமாட்டேன்னு எப்பச் சொன்னேன்? போன வருஷமே டிக்கெட் போட்டேன். ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை. அம்மாதான் வேணாம்னாங்க" என்றான்.

"எந்த அம்மா?" என்று கேட்டேன். சத்தியமாக அப்படித்தான் கேட்டேன்.

"நம்ம அம்மாதான். நீ வந்தா அவ கிளம்பிடுவா, நீ ரெண்டு மாசத்துல போயிடுவே, அவ திரும்பி வரமாட்டா, அதனால வராதேன்னாங்க. உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வேற."

"நீயும் சரின்னுட்டே."

தலையைத் தடவிக்கொண்டான். "ஆமா. எனக்கும் அது சௌகரியமாத்தான் இருந்துச்சு" என்றான். அவன் அதை ஒப்புக்கொண்டதற்காகத்தான் இன்றைக்கும் அவனோடு பேசுகிறேன்.

உள்ளேயிருந்து, "இருக்கியா கண்ணு?" என்று குரல் வந்தது. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக நான் பதில் சொல்லவில்லை.

போய் நின்றபோது அம்மா கட்டில் ஓரத்தில் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தாள். "சொல்லிட்டானா?" என்றாள். இடுப்புத்தான் போயிற்று, காதுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"ஏம்மா அப்படிச் சொன்னே?"

"பயமா இருந்துச்சு. குளிக்கிற ரூமுல விழுந்து கிடந்து, கூப்பிட்டா யாரும் வராம... உங்கப்பா போனப்பக்கூட எனக்கு இவ்வளவு பயம் இல்ல."

"என்னைக் கேட்டிருக்கலாமே. இருடீன்னு கேட்டிருந்தா இருந்திருப்பேனே."

"கேட்டா, நீ இருப்பேங்கற நிச்சயம் எனக்கு எங்கிருக்கு?" என்றாள்.

அப்போது எனக்கு அம்மா மேல் வந்த கோபத்தை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன். கட்டிலருகே நின்ற வாக்கரை எட்டி உதைக்கத் தோன்றியது. உதைக்கவில்லை. காபி கலந்து கொடுத்தேன், சர்க்கரை போடாமல். அம்மா அதை அப்படியே குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள்.

திங்கட்கிழமை காலை, கம்பெனிக்கு வருகிறேன் என்று எழுதி அனுப்பினேன். சந்தோஷமும் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். அண்ணன் அன்றைக்கே மே கடைசிக்கு டிக்கெட் போட்டு எனக்குப் படம் அனுப்பினான். கூட்ஸ் பூதம் ஒன்றுதான் மிச்சம். அதை நீயே மாற்றிக்கொள் என்று அண்ணன் தலையில் கட்டிவிட்டேன். இரண்டு தெரு தள்ளி, தமிழ் பேசுகிற எல்லையோர ராமாபுரம் பக்கத்திலிருந்து வந்து வீட்டோடு தங்கி வயசானவர்களைப் பார்த்துக்கொள்கிற ஒரு அம்மாள், ஆகஸ்டில் தன் அக்காவை அனுப்புவதாகச் சொன்னாள். எங்கள் அம்மாவுக்கும் அந்த ஊர்தான், பேச்சாவது ஒத்துப்போகும் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் அம்மாவிடம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இருக்கியா என்றுகூடக் கேட்கவில்லை. வீடு அத்தனை அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. அந்த அமைதியில் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

மூன்றாம் நாள் நான் சாப்பாட்டு மேஜையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். அம்மா வாக்கரைத் தள்ளிக்கொண்டு மெதுவாக வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு பீன்ஸை எடுத்து நார் உரித்தாள்.

"சென்னையில வீடு பாத்துட்டியா?"

"ம்" என்றேன். பார்க்கவே இல்லை. எந்தப் பேட்டையில் தேடுவது என்றுகூட எனக்குத் தெரியாது.

"கீழ் வீடா, மாடியா?"

கத்தி நின்றது. அம்மா என்னைப் பார்க்கவில்லை, நாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அவன் ரெண்டு மாசத்துல கிளம்பிருவான். அப்பறம் யாரோ ஒருத்திகூட இருக்கறதுக்கு... கீழ் வீடா இருந்துச்சுன்னா..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டாள். இந்த இரண்டு நாளும் அவள் கோபமாக இருக்கவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. யோசித்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"மூணாவது மாடிம்மா. லிஃப்ட் கிடையாது" என்றேன்.

சொல்லிவிட்டு நிமிராமல் நறுக்கினேன். அம்மா இன்னொரு பீன்ஸை எடுத்தாள். அதையும் நார் உரித்து முடித்தாள். பிறகு கையை நீட்டி, மேஜைக்கு அடியில் என் முழங்காலைத் தொட்டாள்.

"மூணு மாடியா? தினமும் நீ ஏறி எறங்கணுமே கண்ணு. காலு வலிக்குமே" என்றாள்.